வழி சமைத்த கோயில்: கொங்க் நகரத்துப் புனித ஃபுவா ஆலயம்

பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில், அவெய்ரோன் மாவட்டத்திலே, ஊஷ் என்னும் சிற்றாறு தூர்தூ என்னும் ஆற்றோடு கலக்கும் இடத்துக்கு மேலாக, செங்குத்தான மலைச்சரிவொன்றில் அமைந்துள்ளது கொங்க் என்னும் ஊர். மலைச்சாரல் சங்கின் உட்புறம்போல் வளைந்து குழிந்திருத்தலின், இலத்தீன் மொழியிற் சங்கு, சிப்பி என்பவற்றைக் குறிக்கும் கொங்கா என்னுஞ் சொல்லே இதற்குப் பெயராயிற்று என்பர். அச்சொல்லும் வடமொழியிலுள்ள சங்கம் என்னுஞ் சொல்லும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என மொழிநூலார் கூறுவர். ஊரில் இன்று வாழ்வோர் சில நூற்றுவரே. சுற்றியுள்ளவை மலைகளும் காடுகளும். விளைநிலமும் வாணிகமும் அங்கு என்றும் பெருகியிருந்ததில்லை.

இத்தகைய ஊரின் நடுவே, ஏறத்தாழ 56 மீற்றர் நீளமும், நடுக்கூடத்தில் 22 மீற்றர் உயரமுமுடைய கற்கோயிலொன்று நிற்கின்றது. 11-ஆம், 12-ஆம் நூற்றாண்டுகளில் உரோமனெஸ்க் பாணியில் எழுந்த மிகச் சிறந்த கோயில்களுள் ஒன்றாகக் கலைவரலாற்றாசிரியர் இதனை மதிப்பர். ஆண்டுதோறும் அறுவடையாற் கிடைக்கும் வருவாயைக் கொண்டு இவ்வூரார் இதனைக் கட்டியிருத்தல் இயலாது. அங்ஙனமாயின் இக்கோயில் இங்கு எழுந்தது எவ்வாறு? எழுந்த பின், இதனினும் பெரிய கோயில்கள் சில தரைமட்டமாகிய காலத்தில், இஃது எஞ்சியது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பண்டமும் திருட்டும்

8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்னும் துறவி இம்மலைச்சாரலிலே தனித்துறைந்தார். அவரைச் சூழ்ந்து சிலர் கூடினர். சிறு மடம் ஒன்று தோன்றிற்று. சார்லமேனின் மகனாகிய பேரரசன் லூயி, 819-ஆம் ஆண்டில் இம்மடத்துக்குச் சாசனம் வழங்கினான். எனினும் மலைப்பாங்கான அவ்விடத்திலே மடம் வளர்வது அரிதாயிற்று. அந்நூற்றாண்டிலேயே ஃபிஜாக் என்னும் வசதியான இடத்தில் வேறொரு மடம் எழுந்து, கொங்க் மடத்தோடு போட்டியிடத் தொடங்கிற்று. அவ்விரு மடங்களுக்குமிடையிலான பிணக்கு 11-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. தம் மடம் அழியாதிருக்க வேண்டுமாயின் அடியாரை ஈர்க்கும் புனிதர் ஒருவரின் திருப்பண்டம் தம்மிடம் இருத்தல் வேண்டுமெனக் கொங்க் துறவிகள் கருதினர்.

இக்கருத்தின் பொருளை அக்கால மக்களின் நம்பிக்கையைக் கொண்டே உணர்தல் வேண்டும். புனிதர் ஒருவரின் எலும்பு இருக்குமிடத்தில் அப்புனிதரே எழுந்தருளியிருக்கின்றார் என அவர்கள் நம்பினர். நோய் நீங்கவும், வழக்கு வெல்லவும், சிறை விடவும் அவரை நாடினர். ஆகவே திருப்பண்டம் ஒன்றைப் பெற்ற மடம், அருளையும் பெற்றது. அடியாரின் காணிக்கையையும் பெற்றது.

கொங்கிலிருந்து தென்மேற்கே ஆஜென் என்னும் நகரத்தில் ஃபுவா என்னும் சிறுமியின் திருப்பண்டம் போற்றப்பட்டு வந்தது. விசுவாசம் என்பது அப்பெயரின் பொருள். உரோமப் பேரரசில் கிறித்தவர் துன்புறுத்தப்பட்ட காலத்தில், 303-ஆம் ஆண்டளவில், பன்னிரண்டு வயதில் அவள் கொல்லப்பட்டாள் என்பது மரபு. கொங்க் மடத்துத் துறவி ஒருவர் ஆஜென் சென்று, தம் உட்கருத்தை மறைத்து அங்குள்ள குருமார் குழுவிற் சேர்ந்து, பல்லாண்டு நம்பிக்கைக்குரியவராய் வாழ்ந்து, ஈற்றில் கல்லறைக்குக் காவலராக நியமனம் பெற்றார் என்றும், ஓர் இரவில் அதனைத் திறந்து திருப்பண்டத்தை எடுத்துக்கொண்டு கொங்குக்கு ஓடினார் என்றும் பழைய வரலாறு கூறும். இந்நிகழ்ச்சிக்கு 866-ஆம் ஆண்டைக் கூறுதல் வழக்கம். ஆண்டு பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இதனை எழுதிவைத்தவர்கள் ஆஜென் மக்கள் அல்லர். கொங்க் மடத்தாரே என்பது ஈண்டு நோக்கற்பாலது. தம் மடத்துத் துறவி செய்ததை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாகவே கூறினர். புனிதை விரும்பாவிடின் அவளை எவரும் பெயர்த்தல் இயலாது. பெயர்க்க முடிந்தமையே அவளுடைய விருப்பத்துக்குச் சான்று என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் நமக்கு உடன்பாடாக வேண்டியதில்லை. நம்பிக்கைக்குத் துரோகம் செய்தல் எக்காலத்தும் துரோகமே. ஆயினும் வரலாறு கற்போர் அதனைக் கடிந்துவிட்டு அப்பாற் செல்லுதலும் போதாது. வளமற்ற மலையூர் ஒன்றை வாழ்விக்கத் துறவிகள் எதனையும் செய்யத் துணிந்தனர் என்பதும், அச்செயலின்றி இன்றுள்ள கோயில் அங்கு எழுந்திராது என்பதும் மறுத்தற்கரிய உண்மைகள்.

அறிஞர் ஒருவரின் மனமாற்றம்

திருப்பண்டத்தை வைத்தற்பொருட்டு மடத்தார் ஓர் உருவம் சமைத்தனர். மரத்தாற் செய்து பொற்றகடு போர்த்தி, மணிகள் பல பதித்த அவ்வுருவம் 85 சதமமீற்றர் உயரமுடையது. அரியணையில் அமர்ந்து, அகன்ற கண்களால் எதிரே நோக்கும் கோலத்தினது. காலந்தோறும் அடியார் அளித்த மணிகளும், உரோமர் காலத்துச் செதுக்குமணிகளும் அதன்மேற் பதிக்கப்பெற்றன. இன்றும் அது கொங்க் நகரத்திலேயே உள்ளது.

1013-ஆம் ஆண்டில் பெர்னார் என்னும் ஆசிரியர் ஒருவர் வடக்கேயுள்ள ஆன்ஜே நகரத்திலிருந்து இங்கு வந்தார். இவர் சார்த்ர் நகரத்துப் பேராசானாகிய ஃபுல்பேரிடம் கற்றவர். கற்றறிந்தோர் கட்டுக்கதை என இகழ்ந்த ஃபுவாவின் அற்புதங்களை நேரில் ஆராய்ந்தறிதல் வேண்டுமென்பது இவருடைய வேட்கை. வடநாட்டில் அக்காலத்தே சிலுவையிலறைந்த கிறித்துவின் உருவத்தையன்றிப் பிற உருவங்களைத் திரட்சியாகச் செய்து வைத்தல் வழக்கமன்று. ஆகவே பொன்னாலான உருவத்தின்முன் மக்கள் நெருங்கி வீழ்ந்து வணங்குதலைக் கண்ட பெர்னார், தம்முடன் வந்தவரை நோக்கி, இது யூபித்தர்க்கோ மார்சுக்கோ உரிய சிலை போலுமென்று இலத்தீன் மொழியில் நகையாடினார். வணங்கி நின்ற மக்களுக்கு இலத்தீன் தெரியாது.

ஆனால் அவர் அவ்வளவில் ஊர் திரும்பவில்லை. அங்குத் தங்கி, அற்புதம் பெற்றோரெனக் கூறப்பட்டவர்களைத் தேடி வினாவினார்; கேட்டவற்றை எழுதினார். கண்கள் பிடுங்கப்பட்டுப் பின் பார்வை பெற்றான் என மக்கள் போற்றிய குய்பேர் என்பவனின் செய்தியையும் ஆராய்ந்தார். பின்னும் இருமுறை அவ்வூருக்கு வந்தார். ஈற்றில், தாம் நகைத்தது தவறென்று தம் நூலிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வுருவம் பலியேற்கும் தெய்வச்சிலையன்று. உயிர்துறந்த சிறுமியை நினைவூட்டி மக்களை இரங்கவும் திருந்தவும் செய்வது என்பது அவர் கண்ட முடிவு.

மற்றொரு செய்தியையும் அவர் எழுதியுள்ளார். இரவு விழிப்பின்போது உழவர்கள் கோயிலினுள்ளே தம் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடுவது வழக்கம். இஃது ஒழுங்கீனமெனக் கருதிய மடத்தார் ஓரிரவு கதவுகளைத் தாழிட்டனர். தாழ்கள் தாமே கழன்று கதவுகள் திறந்துகொண்டன; மக்கள் உள்ளே நிறைந்துவிட்டனர். இதனைக் கேட்ட பெர்னார் முதலில் அப்பாடல்களை விரும்பாராயினும், தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறைவனைப் போற்றும் எளியோரின் மனக்கருத்தையே இறைவன் நோக்குவான் எனத் தெளிந்தார். கதவு தானே திறந்ததா என்பதை வரலாற்றாசிரியன் தீர்மானித்தல் இயலாது. ஆயின் அக்கதவைத் தாழிட்டு வைக்கும் வல்லமை மடத்தாருக்கும் இருந்ததில்லை என்பது இச்செய்தியால் நன்கு விளங்கும்.

பெர்னாரின் நூலைக் கொங்க் துறவிகள் பின்னர் தொடர்ந்து எழுதினர். அதனாற் புனிதையின் புகழ் நெடுந்தொலைவு பரவிற்று. நாடெங்கும் நிலங்களும் சிறுகோயில்களும் மடத்துக்குக் கொடையாக வந்தன. அல்சாஸ் நாட்டுச் செலெஸ்தா நகரத்திலும் புனித ஃபுவாவின் பெயரால் மடமொன்று எழுந்தது. வறியதாயிருந்த மடம் செல்வமுடையதாயிற்று.

நடப்போருக்காக வகுத்த அமைப்பு

இக்காலத்தே இசுப்பானியாவின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ நகரத்துக்கு, புனித யாக்கோபின் கல்லறையை வழிபடும்பொருட்டு, ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகச் செல்லத் தொடங்கியிருந்தனர். 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த வழிகாட்டி நூலொன்று பிரான்சிலிருந்து செல்லும் நான்கு வழிகளைக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று லெ பூயி நகரத்திற் புறப்பட்டு, கொங்க், முவாசாக் ஆகிய இடங்களினூடாகச் செல்வது. லெ பூயியிலிருந்து கொங்க் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. புனித ஃபுவாவை நாடி வந்தோரோடு சந்தியாகோவை நாடிச் செல்வோரும் இங்குக் கூடினர்.

பழைய கோயில் இக்கூட்டத்தைத் தாங்காதாயிற்று. 1031 முதல் 1065 வரை மடாதிபதியாயிருந்த ஒதொல்ரிக் என்பவர் காலத்தில் இன்றுள்ள கோயிலின் வேலை தொடங்கிற்று. 1087 முதல் 1107 வரை மடாதிபதியாயிருந்த மூன்றாம் பெகோன் காலத்திற் பெரும்பகுதி முற்றுப்பெற்றது. எஞ்சியவை 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறைவெய்தின.

கோயிலின் தள அமைப்பை உற்றுநோக்குவோர்க்கு அது யாருக்காக வகுக்கப்பட்டது என்பது புலப்படும். நடுக்கூடத்தின் இருமருங்கும் பக்கக்கூடங்கள் செல்கின்றன. அவை குறுக்குக்கூடத்தையும் சுற்றி, பலிபீடத்தின் பின்புறமாக அரைவட்டமான சுற்றாலையாகத் தொடர்கின்றன. மேற்கு வாயிலால் நுழைந்த ஒருவர், நடுவே துறவிகள் ஓதும் வழிபாட்டுக்கு இடையூறு விளைக்காது, பக்கக்கூடத்தால் நடந்து, திருப்பண்டம் இருந்த இடத்தைச் சுற்றிக் கண்டு, மறுபக்கத்தால் வெளியேறலாம். சுற்றாலையிலிருந்து கிளைக்கும் சிறுகோயில்கள் பல குருமார் ஒரே வேளையில் பூசை செய்வதற்கு உதவின. ஓயாது நகரும் மனிதப் பெருக்குக்கு ஆற்றுக்குக் கரைபோல அமைந்தது இத்தளம்.

மேற்கூரையைப் பற்றியும் ஒரு சொல். நடுக்கூடத்தை மூடியிருப்பது மரக்கூரையன்று. கல்லாலான நீண்ட வளைகூரை. விளக்கும் மெழுகுதிரியும் இரவுபகலாக எரியும் கோயிலில் மரக்கூரை தீக்கு இரையாவது எளிது. ஆனாற் கல்வளைவின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். இதனைத் தடுக்கும்பொருட்டுப் பக்கக்கூடங்களுக்கு மேலே மாடங்கள் கட்டி, அம்மாடங்களைக் கால்வட்டமான வளைகூரையால் மூடினர். அக்கால்வட்ட வளைவு நடுக்கூடத்தின் சுவரிற் சாய்ந்து, உள்ளிருந்து வரும் தள்ளுவிசையை ஏற்றுப் புறச்சுவருக்குக் கடத்துகின்றது. இதனால் நடுக்கூடத்தின் மேற்பகுதியில் நேரே சாளரம் வைக்க இயலவில்லை. ஒளி மாடங்களின் வழியாகவே தவழ்ந்து வருகின்றது.

தூர் நகரத்துப் புனித மார்த்தேன் கோயில், லிமோஜ் நகரத்துப் புனித மார்சியால் கோயில், துலூஸ் நகரத்துப் புனித செர்னேன் கோயில், சந்தியாகோப் பெருங்கோயில் ஆகிய நான்கும் இதே வகுப்பைச் சார்ந்தவை. ஐந்தும் யாத்திரை வழிகளிலோ அவற்றின் முடிவிலோ அமைந்தமை தற்செயலன்று. ஒரே தேவை ஒரே வடிவத்தைத் தோற்றுவித்தது.

வாயிலின் மேல் ஒரு தீர்ப்பு

மேற்கு வாயிலின் மேலுள்ள அரைவட்டக் கற்பரப்பில் இறுதித் தீர்ப்பின் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 124 உருவங்கள் அதிலுள்ளன. பழைய வண்ணத்தின் சாயல் இன்றும் காணப்படும். நடுவில் கிறித்து வலக்கையை உயர்த்தியும் இடக்கையைத் தாழ்த்தியும் வீற்றிருக்கின்றார். அவருடைய வலப்பால் மரியாளும் பேதுருவும் முன்செல்ல, மடாதிபதி ஒருவர் அரசனொருவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றார். அவ்வரசன் சார்லமேன் என்பது அறிஞர் கருத்து. பேரரசனும் ஆங்குத் தன் வலியால் நுழையவில்லை. இடப்பால் நரகம். செருக்குற்ற வீரன் குதிரையினின்றும் தலைகீழாக வீழ்கின்றான். உலோபி கழுத்தில் பணப்பையோடு தூங்குகின்றான். துறவிகளும் வலையிலகப்பட்டுக் கிடக்கின்றனர். தம் வாயிலிலேயே தம்மவரை நரகத்தில் வைக்க இம்மடத்தார் அஞ்சவில்லை என்பது போற்றத்தக்கது.

காட்சியின் ஒரு மூலையில் சிறுமி ஃபுவா நிலத்தில் வீழ்ந்து வேண்டுகின்றாள். முகிலினின்றும் இறைவனின் கை அவளை நோக்கி நீள்கின்றது. அவள் பின்னே வளைவுகளில் விலங்குச் சங்கிலிகள் தொங்குகின்றன. சிறைப்பட்டோரை மீட்பவள் என்னும் புகழ் அவளுக்கு இருந்தது. விடுபட்டோர் தம் சங்கிலிகளைக் கொணர்ந்து காணிக்கையாக்கினர். அவ்விரும்பை உருக்கியே பலிபீடத்தைச் சூழ்ந்த கிராதிகளைச் செய்தனர் என்பது மரபு. எழுத்தறியாத யாத்திரிகர் இவ்வாயிலை ஒரு நூலாகவே படித்தனர்.

வழி வெறுமையான பின்

14-ஆம், 15-ஆம் நூற்றாண்டுகளிலே கொள்ளைநோயும் நூறாண்டுப் போரும் நாட்டை வாட்டின. சீர்திருத்த இயக்கம் பரவியதும் யாத்திரைப் பழக்கமே தளர்ந்தது. 1568-ஆம் ஆண்டுச் சமயப்போரில் கோயில் தீயிடப்பட்டுச் சேதமுற்றது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் கலைக்கப்பட்டது. அரசு நாடெங்குமுள்ள கோயில்களின் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து உருக்கிய காலம் அது. கொங்க் ஊரார் தம் கோயிலின் பண்டங்களைப் பங்கிட்டெடுத்துச் சென்று, தோட்டங்களிலும் செஸ்நட் கொட்டை உலர்த்தும் குடில்களிலும் ஒளித்துவைத்தனர். ஆபத்து நீங்கியபின் அவற்றைத் திரும்பக் கொணர்ந்து ஒப்படைத்தனர். மணிபதித்த பொன்னுருவம் ஒன்று ஏழை உழவர் கைகளிற் கிடந்து, குறையாது மீண்டமை எண்ணுந்தோறும் வியப்பை விளைப்பது. திருட்டினால் வந்த பெயரை ஊரார் நேர்மையாற் காத்தனர் எனலாம்.

கட்டடம் எஞ்சியதற்கு வேறு காரணமும் உண்டு. தூர் நகரத்துப் புனித மார்த்தேன் கோயிலும் லிமோஜ் நகரத்துப் புனித மார்சியால் கோயிலும் புரட்சிக் காலத்திலும் அதனையடுத்தும் இடிக்கப்பட்டன. தூர் நகரத்திற் கோயில் இருந்த இடத்தினூடாகத் தெரு செல்கின்றது. கொங்க் நகரத்து மலைச்சரிவை எவரும் விரும்பவில்லை. பெருநகரமாகிய துலூஸிலும் கோயில் பிழைத்தமையால் வறுமை ஒன்றே காவல் எனல் பொருந்தாது; எனினும் கொங்கைப் பொறுத்தவரை வறுமை கோயிலுக்கு அரணாயிற்று. அவ்வரணும் முழுமையானதன்று. மடத்துச் சுற்றுமண்டபத்தின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெயர்க்கப்பட்டு, கற்கள் வேறு தேவைக்குப் பயன்பட்டன.

பின்னாளிற் கார்மென் என்னுங் கதையால் உலகப்புகழ் எய்திய புரொஸ்பே மெரிமே, அக்காலத்தில் வரலாற்றுச் சின்னங்களின் தலைமைக் கண்காணிப்பாளராயிருந்தார். 1837-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த அவர், பாழிடத்தில் இத்தகைய செல்வத்தைக் கண்டு வியந்து அரசுக்கு அறிக்கை விடுத்தார். திருத்தவேலைகள் தொடங்கின. 1873-இல் துறவிகள் மீண்டும் குடியேறினர். 1875-இல், முன்னோர் அச்சத்தினாற் சுவரினுள் மறைத்திருந்த திருப்பண்டம் வெளிப்பட்டது.

1954, 1955-ஆம் ஆண்டுகளில் பொன்னுருவத்தைப் பிரித்துச் செப்பனிட்ட ழான் தராலோன் என்னும் அறிஞர், அதன் தலை ஏனைய பகுதிகளினும் மிகப் பழையது எனக் கண்டார். உரோமப் பேரரசின் பிற்காலத்து வேலையாகிய பொற்றலையொன்றை எடுத்தே சிறுமியின் முகமாகப் பொருத்தியிருந்தனர். பெர்னார் நகைத்தபோது அந்த முகத்தில் உரோமச் சாயலொன்றைக் கண்டமை வெறும் மயக்கமன்று. கண்ணுக்குப் பட்டதில் அவர் தவறவில்லை. அதனை வணங்கியோரின் உள்ளத்தை அறிந்ததாகக் கருதியதிலேயே தவறினார். தவற்றை அறிந்து எழுதிவைத்தமையால் அவர் நமக்கு ஆசிரியராகின்றார்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய யாத்திரை வழியில் மக்கள் மீண்டும் நடக்கத் தொடங்கினர். அருகிலுள்ள ரொதெஸ் நகரத்திற் பிறந்த ஓவியர் பியர் சூலாஜ், இளமையில் இக்கோயிலைக் கண்டே கலையைத் தம் வாழ்வாகக் கொண்டவர். 1994-இல் அவர் வகுத்த 104 சாளரங்கள் இங்குப் பொருத்தப்பட்டன. அவற்றில் உருவமுமில்லை, வண்ணமுமில்லை. ஒளியை மட்டும் மெல்லென உள்ளே விடும் கண்ணாடிகள் அவை. 1998-இல் பிரான்சின் சந்தியாகோ வழிகளை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றபோது இக்கோயிலும் அதனுட் சேர்ந்தது.

கோயிலைக் கட்டிய மடாதிபதிகளின் பெயர்களை நாம் அறிவோம். தளத்தை அவ்வாறு வகுக்கச் செய்த நடைப்பயணிகளின் பெயர்களையோ, பொன்னுருவத்தைக் குடிலில் ஒளித்த உழவர்களின் பெயர்களையோ அறியோம். அவர்களைப் பற்றிய சான்று ஏட்டிற் குறைவு, கல்லில் மிகுதி. பக்கக்கூடத்தின் அகலமும், சுற்றாலையின் வளைவும், சங்கிலியிரும்பின் கிராதியும் அவர்கள் வந்துபோனமைக்குச் சாட்சி. ஏடுகளை மட்டும் கற்று வரலாறு முடிந்ததெனக் கருதும் மாணவர், கட்டடங்களையும் இங்ஙனம் வினாவிக் கற்பாராயின், பெயரில்லாதோரின் வரலாறும் ஓரளவு அவர்க்குப் புலனாகும்.